சேலம் மத்திய சிறை, கிளைச்சிறைகள்: உள்ளே இருப்பது யார் என்ற கணக்கு எங்கே கெடுகிறது?

கன்னங்குறிச்சி எழுதியது:

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் (என்.சி.ஆர்.பி.) வெளியிடும் இந்தியச் சிறைப் புள்ளிவிவர அறிக்கையைப் புரட்டி "நம்ம சேலத்தில் எப்படி?" என்று தேடினால் பதில் கிடைக்காது. 2022 அறிக்கைப்படி நாட்டில் 1,330 சிறைகள், 5,73,220 கைதிகள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூற்றுக்கு 75.8. வயது, மதம், சாதிப் பிரிவு, படிப்பு, சொந்த மாநிலம் என்று ஒவ்வொன்றுக்கும் அட்டவணை இருக்கிறது. ஆனால் இந்த அட்டவணைகள் மாநிலத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த 1,330-இல் 574 கிளைச்சிறைகள். ஆத்தூர், ஓமலூர், சங்ககிரி மாதிரி இடங்களில் யார் இருக்கிறார்கள், எத்தனை நாளாக இருக்கிறார்கள் என்பது எங்கும் அச்சேறுவதில்லை.

இன்னொரு குறை. மதத்துக்கு ஒரு அட்டவணை, சாதிப் பிரிவுக்கு ஒன்று, சிறையில் கழித்த காலத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக நிற்கின்றன. "பட்டியல் சாதி விசாரணைக் கைதி சராசரியாக எத்தனை நாள் இருக்கிறார், மற்றவர் எத்தனை நாள்?" என்ற கேள்விக்கு அந்த அறிக்கையை எப்படித் திருப்பினாலும் விடை வராது.

சிறை வாரியாக மாதம் ஒரு பக்க அறிக்கை வரவேண்டும் என்றால் அதில் என்னென்ன இருக்கணும், வாசலில் என்ன கேட்கணும், எது வெளியே வரக்கூடாது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

---

கேட்_ரிஜிஸ்டர் எழுதியது:

அறிக்கையைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் வாசலைப் பாருங்க. கணக்கு கெடுவது அங்கேதான்.

ரிமாண்ட் வாரண்டோடு எஸ்கார்ட் போலீஸ் ஆளைக் கொண்டுவந்து விடுவது பெரும்பாலும் சாயங்காலம். லாக்கப் நேரம், அதாவது கைதிகளை எண்ணி அறையில் பூட்டும் நேரம், நெருங்கிவிடும். வாரண்ட் சரிபார்ப்பு, உடல் சோதனை, அங்க அடையாளம், உடைமைப் பட்டியல், டாக்டர் பார்வை எல்லாம் முடிந்து ஆளை உள்ளே அனுப்பியாக வேண்டும். அந்த அவசரத்தில் இ-பிரிசன்ஸ் என்ற சிறைக் கணினிப் பதிவில் கட்டாயக் கட்டங்கள் மட்டும் நிரம்பும். மற்றவை காலியாக நிற்கும், அல்லது எழுதுபவர் தானாகவே நிரப்பிவிடுவார். எப்படி நிரப்புவார் என்று பார்த்தால் தவறு எந்தப் பக்கம் சாயும் என்பதும் தெரிந்துவிடும்.

வயது: வாரண்டில் போலீஸ் எழுதியதை அப்படியே எடுப்பார்கள். "25/24" மாதிரி வருஷத்தோடு போட்டிருக்கும் வயது, அதுவும் குத்துமதிப்பு. கணினி பிறந்த தேதி கேட்டால் ஜனவரி 1 போட்டு ஆண்டைக் கழித்துவிடுவார்கள். 40 வயதுக்காரருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. 17-ஆ 18-ஆ என்ற இடத்தில் இது வாழ்க்கைப் பிரச்சினை. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 94-ஆம் பிரிவில் ஒழுங்கு வரிசை இருக்கிறது. முதலில் பள்ளி அல்லது மெட்ரிக் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆகவே வயதுக்குப் பக்கத்தில் "எதை வைத்து?" என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்: சான்று பார்த்தது, ஆதார், வாய்மொழி, வாரண்ட்.

மதம்: பேரைப் பார்த்து ஊகம். ஜோசப் என்றால் கிறிஸ்தவர். கிறிஸ்தவராக இருந்தும் சான்றிதழ்ப் பேர் முருகன் என்றால் இந்து.

படிப்பு: கையெழுத்துப் போட்டால் "படித்தவர்", ரேகை வைத்தால் "படிக்காதவர்". கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்கள் எக்கச்சக்கம். அவர்களிடம் குற்றப்பத்திரிகை நகலைக் கொடுத்துவிட்டு, படித்துப் புரிந்துகொண்டதாக ஒப்பம் வாங்குகிறோம்.

முகவரி: வடமாநிலத் தொழிலாளி என்றால் வேலை செய்யும் மில்லின் முகவரிதான் இருக்கும். "சொந்த மாநிலம்" தமிழ்நாடு ஆகிவிடும். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே கிடப்பவர்களில் இவர்கள் உண்டு, ஆனால் அட்டவணையில் காணோம்.

இதற்கெல்லாம் ஒரே வழி, இரண்டாம் முறை கேட்பது. முதல் நாள் வாசலில் ஆறு விஷயம் போதும்: பேர், வயதும் ஆதாரமும், பாலினம், பேசும் மொழி, உடனடி மருத்துவத் தேவை, யாருக்குத் தகவல் சொல்லணும். மீதியெல்லாம் 3 முதல் 7 நாளுக்குள், புது வரவு பிளாக்கில் இருக்கும்போது, நல அலுவலரோ சட்டப்பணிகள் ஆணைக்குழு அனுப்பும் தன்னார்வலரோ உட்கார்ந்து கேட்கணும். போதை தெளிந்திருக்கும், பயம் கொஞ்சம் அடங்கியிருக்கும், அந்த மொழி தெரிந்தவரையும் தேடிப் பிடித்திருக்கலாம். ஆளுக்கு 15 நிமிஷம். அந்த 7 நாளுக்குள் ஜாமீனில் போய்விடுகிறவர்களுக்கு இரண்டாம் சுற்று நடக்காது. "இரண்டாம் சுற்று நடக்கவில்லை" என்பதையும் ஒரு குறியீடாகப் போடுங்க, ஊகித்து நிரப்பக் கூடாது.

---

விப்பிள்_100 எழுதியது:

கேட்_ரிஜிஸ்டர் அண்ணன் சொன்ன வயது ஊகத்தை அளந்தே பார்க்கலாம். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5-இல் முடியும் வயது எத்தனை பேருக்கு என்று எண்ணி, 5-ஆல் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்க. வயது சரியாகப் பதிவானால் 100 வரும். எல்லாருமே 25, 30, 35 என்றால் 500. உதாரணமாக 200 பேரில் 90 பேருக்கு அப்படி முடிந்தால் 225. 175-ஐத் தாண்டினாலே மிக மோசமான பதிவு. எக்செலில் இரண்டு நிமிஷ வேலை. மாதா மாதம் இந்த ஒரு எண்ணையும் அறிக்கையின் கீழே அச்சிட்டால், எந்தச் சிறையில் வயதைக் கேட்டு எழுதுகிறார்கள், எங்கே முகத்தைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று தெரியும்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 31 அன்று தலையை எண்ணுவது "இருப்பு". ஆண்டு முழுக்க வந்து போனவர்கள் "வரவு". என்.சி.ஆர்.பி.யின் சாதி, மத அட்டவணைகள் இருப்பைச் சொல்கின்றன. இரண்டும் வேறு வேறு கதை சொல்லும்.

கணக்குக்காக ஒரு கற்பனை எண். ஒரு பிரிவில் ஆண்டுக்கு 100 பேர் வந்து ஆளுக்கு 18 நாள் இருக்கிறார்கள். இன்னொரு பிரிவில் 10 பேர் வந்து ஆளுக்கு 180 நாள். இரண்டுமே 1,800 ஆள்-நாள். 365-ஆல் வகுத்தால் எந்த நாளில் எண்ணினாலும் இரண்டு பிரிவிலும் சுமார் 5 பேர்தான் தெரிவார்கள். முதல் பிரிவில் கைது அதிகம், இரண்டாவதில் ஜாமீன் கிடைப்பதில்லை. இரண்டும் முற்றிலும் வேறான கோளாறு, மருந்தும் வேறு. இருப்புக் கணக்கு இரண்டையும் "5" என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

அதனால் ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று எண் சேர்ந்தே வரணும்: மாதத்தில் புது வரவு, கடைசி நாள் இருப்பு, அந்த மாதம் வெளியே போனவர்கள் இருந்த நாட்களின் நடு எண் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது). சராசரி போடாதீங்க. ஐந்து வருஷம் இருந்த ஒரே ஆள் மொத்தச் சராசரியையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

டிசம்பர் 31 என்ற தேதியும் எனக்கு ஒப்பவில்லை. உயர் நீதிமன்றத்துக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை ஓடுகிற வாரம் அது.

---

கேட்_ரிஜிஸ்டர் எழுதியது:

விப்பிள் தம்பி, புது வரவு என்று சுலபமாகச் சொல்லிட்டீங்க. ஓமலூரில் ரிமாண்ட் ஆனவர் இடமில்லாமல் சேலம் மத்திய சிறைக்கு மாற்றப்படுவார். அங்கிருந்து பி.டி. வாரண்டில் (வேறு வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) தருமபுரி நீதிமன்றம் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்புவார். ஏடுகளில் மூன்று வரவு, ஆள் ஒருவர். ஒருவருக்கே மூன்று வழக்கு இருந்தால் மூன்று வாரண்ட். வாரண்டை எண்ணினால் மூன்று பேர்.

இதைப் பிடிக்க ஒரே சமன்பாடு போதும். முதல் நாள் இருப்பு, கூட்டல் வெளியிலிருந்து புது வரவு, கூட்டல் மாற்றலில் வந்தது, கழித்தல் விடுதலை, கழித்தல் மாற்றலில் போனது, கழித்தல் இறப்பு, கழித்தல் தப்பியது. இது கடைசி நாள் லாக்கப் எண்ணோடு பொருந்தணும். பொருந்தாத மாதத்தில் அறிக்கையை வெளியிடாதீங்க. பெரும்பாலும் இடிப்பது இரண்டு இடம். அரசு மருத்துவமனையில் படுத்திருப்பவர் ஏட்டில் இருப்பார், லாக்கப்பில் இருக்கமாட்டார். விடுப்பில் போன தண்டனைக் கைதியும் அப்படியே. இவர்களுக்கு "பதிவில் உண்டு, வளாகத்தில் இல்லை" என்று தனி வரி கொடுத்தால் கணக்கு நேராகிவிடும்.

---

கோர்ட்_சாலை எழுதியது:

எல்லாரும் சுற்றி வளைத்துப் பேசுறீங்க, நடுவில் இருக்கிற கல்லை யாரும் தொடவில்லை. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைக்குள் இருக்கும் விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி ஏடுகளிலிருந்து சாதிக் கட்டத்தையும் சாதிக் குறிப்பையும் நீக்கச் சொல்லிவிட்டது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு. சாதி பார்த்துத் துப்புரவு வேலையும் சமையல் வேலையும் பிரித்துக் கொடுத்த விதிகளை அடித்த தீர்ப்பு அது. அப்புறம் எப்படிச் சாதி வாரியாக மாத அறிக்கை போடுவீங்க?

---

கன்னங்குறிச்சி எழுதியது:

அந்தத் தீர்ப்பு என்.சி.ஆர்.பி. தரவு திரட்டுவதைத் தடுக்காது என்று பின்னால் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டதே சார். பிளாக்கும் வேலையும் ஒதுக்குகிறவர் கையில் இருக்கும் ஏட்டில் சாதி இருக்கக் கூடாது, அதுதான் விஷயம். எண்ணிக்கைக்காக வேறு இடத்தில் இருக்கலாம்.

---

கோர்ட்_சாலை எழுதியது:

ஏட்டில் இருந்தால் தப்பு, கணினியில் இருந்தால் சரி என்பது எனக்குச் சமாதானம் ஆகவில்லை. இ-பிரிசன்ஸ் திரையைத் திறக்கிற எல்லாருக்கும் அந்தக் கட்டம் தெரிந்தால் ஏட்டிலிருந்து எடுத்ததில் என்ன பிரயோஜனம்? யாருக்குத் திரையில் என்ன தெரியும் என்பதைப் பதவி வாரியாக எழுதி வைக்காமல் இதைத் தொடவே கூடாது.

---

விப்பிள்_100 எழுதியது:

அதற்கு வழி இருக்கிறது சார். இரண்டு தாள்.

முதல் தாள் வழக்கமான சேர்க்கைத் தாள், சாதியும் மதமும் இல்லாமல். இரண்டாம் தாள் புள்ளிவிவரத் தாள். அதில் பேர் கிடையாது, வரிசை எண் மட்டும். வரிசை எண்ணையும் கைதி எண்ணையும் இணைக்கும் பட்டியல் சிறை நிர்வாகத்திடம் இருக்கக் கூடாது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலர் வசம் இருக்கட்டும். இரண்டாம் சுற்றில் கேட்பவர் நிரப்பி நேரே அங்கே கொடுத்துவிடுவார். வெளியே போன தேதி மட்டும் மாதக் கடைசியில் சிறையிலிருந்து எண் வாரியாகப் போகும். சாதி தெரிந்த இடத்தில் பிளாக் ஒதுக்கும் அதிகாரம் கிடையாது. அதிகாரம் இருக்கும் இடத்துக்குச் சாதி தெரியாது.

"சொல்ல விரும்பவில்லை" என்பது முதல் விடையாக இருக்கணும், கடைசியாக அல்ல. அந்த விடை நூற்றுக்கு 20-ஐத் தாண்டினால் கேட்கும் முறையில் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்க. 20 என்பது என் சொந்தக் கோடு, விதி கிடையாது.

---

கோர்ட்_சாலை எழுதியது:

இது பரவாயில்லை. ஆனால் செயலர் அலுவலகத்தில் ஆள் எங்கே? அதையும் சேர்த்து யோசியுங்க.

இன்னொரு கட்டம், எல்லாரும் தப்பாக நிரப்புவது: "முதல் முறை குற்றவாளியா?" பி.என்.எஸ்.எஸ்., அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின், 479-ஆம் பிரிவில் முதல் முறை என்றால், இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர். பழைய வழக்கு நிலுவையில் இருப்பவரும், விடுதலையானவரும் முதல் முறைதான். "பழைய கேஸ் இருக்கு", "ஸ்டேஷனில் ஹெச்.எஸ். (ஹிஸ்டரி ஷீட்) இருக்கு" என்று பார்த்து "இல்லை" போட்டுவிடுகிறார்கள். இதன் விளைவு பெரிசு. முதல் முறை என்றால் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே கழித்ததும் பிணைக்குத் தகுதி, மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. தகுதி வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுதவேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. ஒருவர்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் 479(2) குறுக்கே நிற்கும். ஆகவே இரண்டும் தனித்தனிக் கட்டமாக இருக்கணும்: "முன்பு தண்டனை பெற்றவரா?", "வேறு வழக்கு நிலுவையில் உண்டா?". ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பினால் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவுக்குப் போகும் பட்டியலே தப்பாகும்.

ஒருகாலத்தில் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட சீர்மரபினர் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. அதே 2024 தீர்ப்பு "வழக்கமான குற்றவாளி" என்ற சொல்லைச் சட்டத்தில் உள்ள வரையறைப்படி மட்டுமே பயன்படுத்தச் சொன்னது. போலீஸ் வாய்மொழியை அந்தக் கட்டத்தில் ஏற்றக் கூடாது.

---

சேர்வராயன்_அடிவாரம் எழுதியது:

ஏற்காடு பக்கத்திலிருந்து ஒரு விஷயம். இங்கே மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். தாய்மொழி தமிழ். சமூகம் கேட்டால் "மலையாளி" என்பார்கள். தட்டச்சு செய்பவர் வெளியூர்க்காரர் என்றால் மொழிக் கட்டத்தில் மலையாளம், மாநிலக் கட்டத்தில் கேரளா என்று போய்விடும், பழங்குடிக் கட்டம் காலி. ஒரே சொல்லில் மூன்று கட்டம் நாசம்.

இதைவிடச் சிக்கல், பட்டியல் மாவட்ட வாரியானது. பட்டியல் பழங்குடியினர் ஆணையில் மலையாளிகள் தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும். கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்ததால் அவர்களுக்கும் பழங்குடித் தகுதி உண்டு. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலைக்காரர் அதே மலையாளியாக இருந்தும் பட்டியலில் வரமாட்டார். ரெண்டு பேரும் சேலம் சிறைக்கு வந்தால், ஒருவர் பழங்குடி, ஒருவர் இல்லை. அதனால் அவர் சொன்ன சமூகத்தின் பெயரை அவர் சொன்னபடியே ஒரு கட்டத்தில் எழுதுங்க. சட்டப் பிரிவை அப்புறம், சொந்த ஊரும் தாலுகாவும் பார்த்து, வேறொருவர் குறியீடாகப் போடட்டும். வாசலில் நிற்பவரையே ரெண்டும் செய்யச் சொன்னால் தப்பு நிச்சயம்.

---

கன்னங்குறிச்சி எழுதியது:

அருமைங்க. இதே மாதிரி இன்னும் இருக்கா? தமிழ்நாட்டுப் பிரிவுகளுக்கும் என்.சி.ஆர்.பி.யின் நாலு கட்டத்துக்கும் (பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி, ஓ.பி.சி., மற்றவர்) பொருத்தம் எப்படி?

---

சேர்வராயன்_அடிவாரம் எழுதியது:

பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி., சீர்மரபினர் எல்லாம் அங்கே ஓ.பி.சி. பட்டியல் சாதியில் அருந்ததியர் 2009 உள்ஒதுக்கீட்டால் இங்கே தனிக் குறி, அங்கே பொதுவாகப் பட்டியல் சாதி. சேலம் வட்டாரத்தில் அருந்ததியர் கணிசம் என்பதால் அந்தக் குறியை உள்ளூர் அறிக்கையில் கரைத்துவிடாதீங்க. சீர்மரபினருக்கு 2019-க்குப் பிறகு "சீர்மரபுப் பழங்குடியினர்" என்ற பெயரிலும் சான்று வருகிறது. பெயரில் பழங்குடி இருப்பதைப் பார்த்து பட்டியல் பழங்குடிக் கட்டத்தில் போட்டால், ஏற்காட்டுக்காரர் கணக்கு திடீரென்று ஏறி நிற்கும். அது தப்பு, அவர்கள் பட்டியல் பழங்குடி கிடையாது.

---

குமாரசாமிப்பட்டி எழுதியது:

மாற்றுத்திறன் பற்றி யாரும் பேசக் காணோமே. 2025 ஜூலை 15-இல் எல்.முருகானந்தம் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் நம் மாநிலச் சிறைகளுக்கே உத்தரவு போட்டிருக்கிறது. சேர்க்கும்போதே மாற்றுத்திறனாளியை அடையாளம் காணணும், அவரே சொல்ல வாய்ப்புத் தரணும், பதிவைப் பராமரிக்கணும்.

"ஊனம் உண்டா?" என்று கேட்டால் காலை இழந்தவரைத் தவிர எல்லாரும் "இல்லை" என்பார்கள். அதற்குப் பதில் உலகம் முழுக்கப் பயன்படும் வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்வி இருக்கிறது. கண்ணாடி போட்டாலும் பார்க்கச் சிரமமா? கருவி வைத்தாலும் கேட்கச் சிரமமா? நடக்க, படியேறச் சிரமமா? ஞாபகம் வைக்க, கவனம் செலுத்தச் சிரமமா? குளிக்க, உடுத்தச் சிரமமா? பேசுவதைப் புரியவைக்க, புரிந்துகொள்ளச் சிரமமா? விடை நாலு: சிரமமே இல்லை, கொஞ்சம், ரொம்ப, முடியவே முடியாது. கடைசி இரண்டில் ஒன்று எந்தக் கேள்விக்கு வந்தாலும் எண்ணிக்கையில் சேரும். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. காது கேளாதவரை "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவதாவது நிற்கும்.

திருநர் எண்ணிக்கையும் அப்படித்தான். 2020 அறிக்கையிலிருந்துதான் என்.சி.ஆர்.பி. தனியாகக் கொடுக்கிறது. வாரண்டில் இருக்கும் பாலினம், அவர் சொல்லும் பாலினம் என இரண்டு கட்டம் வேண்டும். இடம் ஒதுக்கும் முடிவு இரண்டாவதைப் பார்த்து எடுக்கணும்.

---

சங்ககிரி_கோட்டை எழுதியது:

எல்லாம் சரி, கிளைச்சிறையில் மொத்தமே முப்பது நாற்பது பேர். அதில் "பழங்குடி, பெண், 18–30" என்று வெளியிட்டால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். மலைக் கிராமத்தில் யார் உள்ளே போனார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

---

விப்பிள்_100 எழுதியது:

5-க்குக் குறைந்த எண்ணை மறைக்கணும். ஆனால் ஒன்றை மட்டும் மறைத்தால் மறைத்ததாகாது. மொத்தம் 34, ஓ.பி.சி. 17, பட்டியல் சாதி 9, மற்றவர் 5, பழங்குடி "மறைக்கப்பட்டது" என்றால் கழித்துப் பார்க்கிற எவருக்கும் 3 என்று தெரிந்துவிடும். இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்கணும், அல்லது மொத்தத்தை 5-இன் மடங்காக முழுமைப்படுத்தணும்.

---

சேர்வராயன்_அடிவாரம் எழுதியது:

அப்படி மறைத்தால் எங்க மக்கள் எந்தக் கிளைச்சிறை அறிக்கையிலும் எப்போதும் தெரியமாட்டார்கள் தம்பி. எப்போதும் அஞ்சுக்குக் கீழேதான் இருப்போம். பாதுகாப்பு என்ற பேரில் காணாமல் போவது எங்களுக்குப் புதுசு இல்லை.

---

விப்பிள்_100 எழுதியது:

நியாயம் அண்ணா. அதற்கு இடத்தைக் கூட்டலாம், அல்லது காலத்தைக் கூட்டலாம். சேலம் மத்திய சிறையையும் சுற்றியுள்ள கிளைச்சிறைகளையும் சேர்த்து ஒரே எண். அல்லது ஒவ்வொரு கிளைச்சிறைக்கும் கடந்த 12 மாதப் புது வரவு. மாதத்துக்கு 2 பேர் என்றால் மறைக்கணும், ஆண்டுக்கு 24 பேர் என்றால் வெளியிடலாம். மாத அறிக்கையில் மொத்தம், பாலினம், கைதி வகை மட்டும் இருக்கட்டும். சமூகம், மதம், மாற்றுத்திறன் 12 மாதத் தொகுப்பாகக் காலாண்டுக்கு ஒருமுறை வரட்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: தொகுப்பை ஒவ்வொரு மாதமும் வெளியிட்டால் அடுத்தடுத்த இரண்டைக் கழித்து வந்தவரையும் விழுந்தவரையும் ஊகிக்கலாம். அதனால்தான் காலாண்டு என்கிறேன்.

கைதி வகையில் தடுப்புக் காவலைத் தனியாகக் காட்டணும். 1982-இன் 14-ஆம் சட்டம், நம்ம குண்டர் சட்டம், அதில் தமிழ்நாடு பல ஆண்டாக நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. விசாரணைக் கைதியோடு கலந்தால் இருந்த நாட்களின் கணக்கு கெடும்.

---

சங்ககிரி_கோட்டை எழுதியது:

காலாண்டு என்பதை ஒத்துக்கிறேன். இரண்டு சிறையைச் சேர்த்துப் போடுவதை ஒத்துக்கமாட்டேன். சேர்த்துவிட்டால் எந்தக் கிளைச்சிறையில் கோளாறு என்று யாரையும் கேட்க முடியாது.

மக்கள்தொகையோடு ஒப்பிடும் ஆசையும் வேண்டாம். 2011 கணக்குப்படி சேலம் மாவட்டம் 34.82 லட்சம். மத்திய சிறைக்கு வருவதோ பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் சேர்த்து. கீழே எந்த எண்ணை வைத்து வகுப்பீங்க? சொந்த மாவட்டம் தனிக் கட்டமாகப் பதிவானால் பிரித்து வகுக்கலாம். இல்லையென்றால் விகிதம் போடாமல் எண்ணோடு நிறுத்துங்க.

---

அஸ்தம்பட்டி_டேட்டா எழுதியது:

கோப்பு வடிவம் பற்றி நாலு வரி. தட்டச்சு செய்தது வானவில் எழுத்துருவில் இருந்தால் வேறு கணினியில் "மலையாளி" என்ற சொல் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே தொகுக்கணும். படிப்புக் கட்டத்தில் "6-8", "10-12" என்று போட்டால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். "10 முதல் 12" என்று எழுத்தாகவே போடுங்க. வெளியிடும்போது சி.எஸ்.வி. கோப்பு, ஒரு வரிக்கு ஒரு எண்: சிறை, மாதம், அளவை, பிரிவு, எண். கையெழுத்திட்டு ஸ்கேன் செய்த தாளும் கூட இருக்கட்டும், அது மட்டும் போதாது. "பூஜ்யம்", "மறைக்கப்பட்டது", "கேட்கவில்லை" மூன்றுக்கும் மூன்று குறி. காலிக் கட்டம் எங்கேயும் விடாதீங்க.

அமெரிக்கச் சிறைகளை உதாரணம் காட்டப் போகிறவர்களுக்கு: அங்கே உள்ளூர்ச் சிறைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பு ஜூன் கடைசி வேலை நாளை வைத்து எடுக்கிறார்கள். 2024-இல் அமெரிக்க மத்திய அரசு இனம், ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்) என்ற இரண்டு கேள்வியை ஒன்றாக்கி ஏழு பிரிவாக்கிவிட்டது. பழைய எண்ணோடு புது எண்ணை ஒட்ட முடியாத தலைவலி அவர்களுக்கு இனிமேல். நாம் பிரிவுகளை மாற்றினால் ஓராண்டு பழைய முறை, புது முறை இரண்டிலும் குறியீடு போடணும்.

---

கன்னங்குறிச்சி எழுதியது:

சரி, இதெல்லாம் நடக்கும்வரை இருப்பதை வாங்குவது எப்படி? தகவல் உரிமைச் சட்டத்தில் என்ன கேட்டால் கிடைக்கும்?

---

கோர்ட்_சாலை எழுதியது:

"சாதி வாரியாகத் தொகுத்துத் தரவும்" என்று கேட்டால் "அப்படித் தொகுத்து வைக்கவில்லை" என்று ஒரு வரியில் முடிப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தின் நகலைக் கேளுங்க.

என்.சி.ஆர்.பி. அறிக்கைக்காகச் சிறைகள் ஆண்டுதோறும் படிவம் நிரப்பித் தலைமையகத்துக்கு அனுப்புகின்றன. உங்களுக்கு வேண்டிய சிறை வாரிக் கணக்கு அதில்தான் இருக்கிறது. இப்படி எழுதலாம்:

"1. சேலம் மத்திய சிறை மற்றும் அதன் கட்டுப்பாட்டிலுள்ள கிளைச்சிறைகள், இந்தியச் சிறைப் புள்ளிவிவர அறிக்கைக்காக 2022, 2023 ஆண்டுகளுக்கு அனுப்பிய பூர்த்தி செய்யப்பட்ட படிவங்களின் நகல். 2. அதே ஆண்டுகளில் ஒவ்வொரு மாதக் கடைசி நாள் லாக்கப் எண்ணிக்கை அறிக்கையின் நகல். 3. பி.என்.எஸ்.எஸ். 479-இன் கீழ் கண்காணிப்பாளர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பங்களின் எண்ணிக்கை, 2024 ஜூலை 1 முதல் மாத வாரியாக. 4. பிணை உத்தரவு கிடைத்து 7 நாளுக்குள் வெளியேறாதவர்கள் பற்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிய தகவல்களின் எண்ணிக்கை. தனிநபர் பெயர், முகவரி தேவையில்லை. அவை இருப்பின் 10-ஆம் பிரிவின்படி நீக்கிவிட்டு எஞ்சியதைத் தரவும்."

கடைசி வரி முக்கியம். 8(1)(ஜெ) இப்போது திருத்தப்பட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்க வசதி கூடிவிட்டது. எண்ணோடு நின்றால் அந்தக் கதவு உங்கள்மேல் மூடாது. நாலாவது கேள்விக்கு அடிப்படை உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 உத்தரவு. பிணை வழங்கிய தேதியை இ-பிரிசன்ஸில் ஏற்றணும், 7 நாளாகியும் வெளியேறாவிட்டால் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்கணும். அந்த எண் பூஜ்யம் என்று பதில் வந்தால் இரண்டில் ஒன்று: யாருமே தங்கவில்லை, அல்லது யாருமே தெரிவிக்கவில்லை. ஏழைக் கைதிகளுக்குப் பிணைத்தொகை கட்ட உதவும் மத்திய அரசுத் திட்டம் 2023-இல் வந்தது, அப்போது உச்சவரம்பு 40,000 ரூபாய். அதில் எத்தனை பேர் பயன் பெற்றார்கள் என்ற கேள்வியைத் தனி மனுவாகப் போடுங்க. ஒரே மனுவில் சேர்த்தால் எல்லாமே தாமதமாகும்.

---

குமாரசாமிப்பட்டி எழுதியது:

மனுவைக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கா, சென்னைத் தலைமையகத்துக்கா அனுப்பணும் சார்? கட்டணம் எப்படி?

---

கோர்ட்_சாலை எழுதியது:

முதல் இரண்டு கேள்வி தலைமையகத்துக்கு, மூணும் நாலும் சேலம் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. மாறிப் போனாலும் 6(3)-இன்படி 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்றவேண்டியது அவர்கள் பொறுப்பு மேடம். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, டெலிவரி சான்று வரும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்க. 30 நாள் பாருங்க. பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். டெலிவரி சான்றை மட்டும் தொலைச்சிடாதீங்க, மேல்முறையீட்டில் முதலில் அதைத்தான் கேட்பாங்க.